படகு ஏன் கடலுக்குப் போகவில்லை? உளவுப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் மத்திய உளவுத் துறையான ஐ.பி.யில் ஏ.சி.ஐ.ஓ. என்கிற உளவு அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இரண்டு பேர் பாண்டிச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள், ஒரு பெண் வதந்திகளைச் சரிபார்க்கிற வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். நான் உளவுத் தகவல் சேகரிக்கிற போலீஸ் தனிப்பிரிவில் பல வருஷம் ரிப்போர்ட் எழுதி ஓய்வு பெற்றவன். முதல் வகுப்பில் பாடம் கிடையாது, ஒரு கேள்விதான். "காலை ஆறு மணி. தேவனாம்பட்டினத்தில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. ஏன்?"

கேட்டு முடிப்பதற்குள் ஒரு தம்பி சொன்னான்: "ஸ்ட்ரைக் சார். சுருக்குமடி வலைப் பிரச்சினை." எப்படித் தெரியும் என்றேன். முந்தின நாள் பேப்பரில் வந்திருந்ததாம். சுருக்குமடி என்பது மீன் கூட்டத்தை வளைத்து அள்ளுகிற பெரிய வலை, அதை விடலாமா கூடாதா என்று மீனவர்களுக்குள் தகராறு.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, யார் பக்கமும் சாயவில்லை. நினைவில் மேலாக மிதந்ததை எடுத்து நீட்டிவிட்டான், அவ்வளவுதான். இதையே சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் அலுவலகத்தில் செய்தால் 'மீனவர் போராட்டம், கூடுதல் பாதுகாப்பு தேவை' என்று ரிப்போர்ட் மேலே போகும், வேன் நிறைய போலீஸ் வந்து இறங்கும், அப்புறம் ஒன்றுமில்லாத இடத்தில் உண்மையாகவே தகராறு கிளம்பும்.

புதிதாக வருகிறவர்கள் நடுநிலை என்பதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். சாதி பார்க்காமல், கட்சி பார்க்காமல், மேலதிகாரிக்குப் பயப்படாமல் எழுதினால் போதும் என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்கிற பழமொழி இங்கே கொஞ்சம் தப்பாக வழிகாட்டுகிறது. அது நோயாளியின் கண்ணைப் பற்றியது. நான் சொல்கிற மனச்சாய்வு, அதாவது முதலில் தோன்றியதையே பிடித்துக்கொள்கிற பழக்கம், நல்ல கண்ணில் இருப்பது, எல்லார் கண்ணிலும் இருப்பது. சி.ஐ.ஏ.வில் பல வருஷம் வேலை பார்த்த ரிச்சர்ட்ஸ் ஹோயர் இதைக் கண்கட்டுப் படங்களோடு ஒப்பிட்டார். இரண்டு கோடும் ஒரே நீளம் என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகும் ஒன்று நீளமாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டதால் அது போவதில்லை. அதனால் 'நான் கவனமாக இருக்கிறேன்' என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை, நோட்டைக் காட்டு என்பேன். கீழே வருகிற படிகள் எல்லாமே நோட்டும் பேனாவும் வைத்துச் செய்கிற வேலைகள்தான்.

முதல் படி: மற்ற பதில்களை முதலில் எழுதுங்கள்

தலையில் முதலில் வந்த பதிலை எழுதி ஓரமாக வையுங்கள். அதோடு சண்டை போட வேண்டாம். அதற்குக் கீழே குறைந்தது இன்னும் மூன்று பதில் எழுதாமல் பேனாவை மூடக்கூடாது. எங்கள் வகுப்பில் கடைசியில் சேர்ந்த பட்டியல்: வேலைநிறுத்தம், வானிலை எச்சரிக்கை, ஊரில் ஒரு சாவு, கோயில் திருவிழா, மீன்பிடித் தடைக்காலம். ஐந்தாவதைச் சொன்ன பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகு போகலாமே என்று. சிரிக்கட்டும், பட்டியலில் இருக்கட்டும். அடிக்கிறதைப் பிறகு காரணத்தோடு அடித்துக்கொள்ளலாம்.

பலமாகப் பட்ட அடிதான் நினைவில் மேலே நிற்கும் என்பதை நம்ம ஊர்க்காரனுக்குப் புயலை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயலில் அடித்தது காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வருகிறது என்றதும் என் தெருவில் எல்லோரும் கூரையைக் கட்டினார்கள், ஜன்னலை அடைத்தார்கள். பீரோவின் கீழ்த்தட்டை ஒருவரும் காலி செய்யவில்லை. கரையைக் கடந்த புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்று கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் காற்றுக்குக் காத்திருந்தோம், வந்தது தண்ணீர். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு அந்த 'தானே' புயல்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது படி: பார்த்தது இடப்பக்கம், நினைத்தது வலப்பக்கம்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். வலது பக்கம் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு. 'ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள்' இடது. 'கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்' வலது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், நாம் பார்த்தேன் என்று சொல்வதில் பாதி வலது பக்கத்துச் சரக்கு.

'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்னமும் சொல்கிறோமே, முதல் உலகப் போரில் வந்த அந்த ஜெர்மன் போர்க்கப்பல் இதற்கு நல்ல பாடம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியதுதான் நமக்குத் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அக்டோபர் 28 விடியற்காலை பினாங்கில் நடந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. நான்காவதாகப் பொய்யாக ஒன்றைச் செய்து நிறுத்திக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைந்தது. நான்கு புகைபோக்கி என்றால் பிரிட்டிஷ் கப்பல் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் மூழ்கியது. இடது பக்கத்தில் 'நான்கு புகைபோக்கி தெரிகிறது' என்பது மட்டும் இருந்திருந்தால், வலது பக்கத்தில் என்னவெல்லாம் எழுதியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஏமாற்ற வருகிறவன் உங்கள் கண்ணை ஏமாற்ற மெனக்கெடுவதில்லை, நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்களோ அதைக் கொண்டுவந்து காட்டுகிறான்.

மூன்றாவது படி: சொன்னவருக்கு யார் சொன்னது?

இதில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு ஊரில் ஆலை வாசலில் நடக்கிற தர்ணாவில் திங்கட்கிழமை கல்லெறி நடக்கும் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்று வாய் ஒன்றுபோலச் சொல்கிறதே என்று உறுதியாக எழுதி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கல்லும் இல்லை, சண்டையும் இல்லை, மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பிறகு விசாரித்தால், மூன்று பேரும் ஒரே டீக்கடையில் ஒரே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலை கத்திப் பேசியதைக் கேட்டவர்கள். எனக்கு வந்தது மூன்று தகவல் இல்லை, ஒரே தகவல் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் மூன்று ஒற்றர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறார், ஆனால் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்பதை அதே குறளில் முன்னாலேயே வைத்துவிட்டார். நான் பின்பாதியை மட்டும் செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் இரண்டு குறி போடப் பழகுங்கள். சொன்ன ஆள் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, சொன்ன சங்கதி எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். உலகம் முழுக்க உளவுத் துறைகளில் இருக்கிற பழைய முறை இது. இரண்டையும் தனித்தனியாகப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல மனிதர் தப்பான தகவல் தருவார், உதவாக்கரை ஆள் சில நாள் தங்கம் கொண்டுவருவான். பிடித்தவர் சொன்னதெல்லாம் ஏ-1 ஆகிறது என்றால் நீங்கள் தகவலுக்கு மார்க் போடவில்லை, நட்புக்குப் போடுகிறீர்கள்.

நான்காவது படி: கட்டம் போடுங்கள், கழித்தல் குறியை எண்ணுங்கள்

இதுதான் வேலையின் நடு. ஹோயர் வகுத்த முறை. மேலே வரிசையாகப் பதில்கள், இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சான்றுகள். ஒவ்வொரு சான்றும் ஒவ்வொரு பதிலோடும் ஒத்துப்போனால் கூட்டல், முரண்பட்டால் கழித்தல், சம்பந்தமே இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

படகுக் கதைக்கு நான் கொடுக்கிற சான்றுகள் இவை. எல்லாம் வகுப்புக்காகக் கட்டியவை. ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். சிலர் வலை பின்னுகிறார்கள். பக்கத்துத் தாழங்குடாவிலிருந்து படகுகள் வழக்கம்போலப் போயிருக்கின்றன. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றவில்லை. ஃபைபர் படகும் கரையில்தான் இருக்கிறது. முதல் நாள் ராத்திரி ஊர்ப் பஞ்சாயத்து கூடவில்லை. ஆறரை மணிக்குப் பறைச் சத்தம் கேட்டது.

ஸ்ட்ரைக் என்ற தம்பி உடனே முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டான். கூட்டம் நிற்கிறது, கூட்டல். வலை பின்னுகிறார்கள், வேலைக்குப் போகவில்லை, கூட்டல். சரி, அதே வரியை மற்ற கட்டங்களிலும் நிரப்பு என்றேன். சாவு வீடென்றாலும் கூட்டம் நிற்கும். திருவிழாவென்றாலும் நிற்கும். புயலென்றாலும் கரையில் நின்று கடலைப் பார்ப்பார்கள். எல்லாக் கட்டத்திலும் கூட்டல் விழுகிற சான்றுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது, அடித்துவிடுங்கள். நம் மனசு இப்படிப்பட்ட சான்றுகளைத்தான் ஆசை ஆசையாகச் சேர்க்கும், எவ்வளவு சேர்த்தாலும் தீராது.

தாழங்குடாப் படகு போயிருக்கிறது என்பது வானிலைக்குக் கழித்தல். கூண்டு இல்லை என்பது இன்னொரு கழித்தல். ஃபைபர் படகும் கரையில் என்பது தடைக்காலத்துக்குக் கழித்தல், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இப்போதுதான் சிரிக்க உரிமை. பஞ்சாயத்து கூடவில்லை என்பது எனக்குப் பிடித்த சான்று, ஏனென்றால் அது நடக்காத ஒன்று. கட்டுப்பாடுள்ள மீனவக் கிராமத்தில் ஊர் கூடிப் பேசாமல் ஸ்ட்ரைக் என்று மொத்தப் படகையும் நிறுத்த மாட்டார்கள், அதனால் ஸ்ட்ரைக்குக் கழித்தல். நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் அதுவும் ஒரு வரி, எழுதுங்கள். புதியவர்கள் இதை எழுதவே மாட்டார்கள், வந்த தகவலை மட்டும் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அதிகக் கூட்டல் வாங்கிய பதிலைத் தேடாதீர்கள். குறைந்த கழித்தல் வாங்கியது எது என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன் என்றால், 1973-ல் இஸ்ரேலின் ராணுவ உளவுப் பிரிவு இதைச் செய்யாமல் பட்ட பாட்டைப் பாருங்கள். நெடுந்தூரம் போய்த் தாக்கும் விமானமும் ஏவுகணையும் கையில் வராமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா வராது என்று நம்பியிருந்தார்கள். 'கோட்பாடு' என்றே அதற்குப் பெயராகிவிட்டது. எகிப்தின் படை சூயஸ் கால்வாயோரம் குவிந்தபோது அது பயிற்சி என்றார்கள். எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் திடீரென்று ஊருக்குக் கிளம்பியபோதுகூடப் போருக்கான வாய்ப்பு குறைவு என்ற மதிப்பீடு மாறவில்லை. அக்டோபர் 6 மத்தியானம் போர் வந்தது. தகவல் பஞ்சம் இல்லை அங்கே. வந்த ஒவ்வொன்றையும் ஏற்கெனவே இருந்த ஒரே பெட்டிக்குள் மடித்து வைத்தார்கள். அதோடு அந்த வருஷம் மே மாதம் ஒரு தடவை போர் வருகிறதென்று படையைத் திரட்டி ஒன்றும் வராமல் போயிருந்தது. இந்த மனநிலை கடலூருக்கு நன்றாகத் தெரியும். 2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ல், மறுபடி வருகிறது என்று அரசு எச்சரிக்கை வந்து கரையோரமெல்லாம் ஜனங்கள் ஓடினார்கள். கடல் வரவில்லை. ஒரு தடவை தவறவிட்டவன் நிழலுக்கும் ஓடுவான், நாலு தடவை வீணாக ஓடியவன் நிஜத்துக்கும் உட்கார்ந்திருப்பான். நீங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் தகவல் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று தோன்றும். குதிரைப் பந்தயத்தில் பழுத்த எட்டுப் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முதலில் 5 விவரம் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள், பிறகு 10, 20, 40. விவரம் கூடக் கூடக் கணிப்பின் துல்லியம் அப்படியேதான் இருந்தது. தங்கள் கணிப்பின் மேலிருந்த நம்பிக்கைதான் ஏறிக்கொண்டே போனது. ஃபைல் தடிமனாகும்போது தைரியம் வருகிறதே, அது இதுதான்.

கட்டம் மந்திரக்கோல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறையைச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன, கட்டத்தையே தன் முடிவுக்கு ஏற்ப நிரப்புகிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கே ஏமாற்றினீர்கள் என்பது கட்டத்தில் தெரியும், அடுத்தவர் விரல் வைத்துக் காட்டலாம். அதற்காகவாவது போடுங்கள்.

ஐந்தாவது படி: 'நானாக இருந்தால்' என்பதை அடித்துவிடுங்கள்

சின்னப் படிதான். எதிராளி என்ன செய்வான் என்று யோசிக்கும்போது அவன் இடத்தில் நம்மை உட்கார வைத்துவிடுகிறோம். 1962 செப்டம்பரில் அமெரிக்க உளவு மதிப்பீடு, சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணை வைக்க வாய்ப்பில்லை என்றது. அப்படிச் செய்வது புத்தியில்லாத காரியம், அதனால் சோவியத் தலைவர் குருஷேவ் செய்ய மாட்டார் என்கிற கணக்கு. அக்டோபர் 14-ல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் இருந்தன. கார்கிலிலும் இந்த வாடை உண்டு. 1999 மே மாதம் மலையில் இருப்பவர்கள் ஊடுருவிய தீவிரவாதிகள் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள், வந்திருந்தது பாகிஸ்தானின் படை. நம்ம திருச்சியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த கார்கில் ஆய்வுக் குழு, அந்த ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முற்றிலும் எதிர்பாராததாக இருந்தது என்று பதிவு செய்தது. 'இந்த மலையில் இப்படி யாராவது செய்வானா' என்ற வரி உங்கள் நோட்டில் இருந்தால், 'யாராவது' என்பதை அடித்துவிட்டு அந்த ஆளின் பெயரை எழுதி, அவனுக்கு இதில் என்ன லாபம் என்று எழுதுங்கள்.

ஆறாவது படி: 'வரலாம்' என்று எழுதாதீர்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. 'கலவரம் வரலாம்' என்றால் என்ன அர்த்தம்? வருவதற்கு ஏதோ கொஞ்சம் இடமிருக்கிறது என்றும் எடுக்கலாம், தயாராக இரு என்றும் எடுக்கலாம். 'அவர் வீட்டில் இருப்பார்' என்பது உறுதியா, ஊகமா? குரலில் தெரியும், காகிதத்தில் தெரியாது. 'வந்தாலும் வரும்' என்பதை வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒரு சீட்டில் எண்ணாக எழுதச் சொன்னேன். ஒருவன் 10 விழுக்காடு என்று எழுதினான், பாண்டிச்சேரிப் பெண் 60 என்று எழுதினாள். இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் என்ன ஆகும்?

ஆகித்தான் இருக்கிறது. 1951-ல் யூகோஸ்லாவியா மேல் தாக்குதல் நடக்குமா என்ற அமெரிக்க மதிப்பீட்டில் 'கடுமையான சாத்தியம்' என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டார்கள். அந்த வேலையில் இருந்த ஷெர்மன் கென்ட், சேர்ந்து எழுதிய தன் சகாக்களிடமே அதற்கு என்ன எண் நினைத்தீர்கள் என்று கேட்டார். 20 என்றவரும் உண்டு, 80 என்றவரும் உண்டு. எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குத்தான் தலையாட்டியிருந்தார்கள். அதனால் சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணையும், எந்தத் தேதிக்குள் என்பதையும் போடுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் மறியல் நடக்க 30 விழுக்காடு வாய்ப்பு.' மேலதிகாரி சோதிடமா பார்க்கிறாய் என்பார். என்னிடமும் சொன்னார்கள். சோதிடர் எண்ணும் தேதியும் போட மாட்டார்.

ஏழாவது படி: எதிர்த்துப் பேச ஓர் ஆளை வையுங்கள்

முடித்த ரிப்போர்ட்டை உங்களுக்கு வேண்டாத ஒருவரிடம் கொடுத்து, இது தப்பு என்று நிரூபி என்று கேளுங்கள். 1973-க்குப் பிறகு இஸ்ரேல் ராணுவ உளவுப் பிரிவு இதற்கென்றே ஒரு சிறு பிரிவை வைத்தது. 2002-ல் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்ற அமெரிக்க மதிப்பீட்டுக்கு அப்படி ஒருவர் சரியாக இல்லாததன் விலை என்ன என்பது ஊருக்கே தெரியும், இங்கே நீட்டவில்லை. ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு: அந்த ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் ஒருவரே எதிர்த்தால் 'அவர் அப்படித்தான்' என்று கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

எட்டாவது படி: நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

விஷயம் நடந்து முடிந்த பிறகு எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும். நமக்கும் அப்படித்தான் தோன்றும், பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல். எண்ணும் தேதியும் போட்ட நோட்டு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, 70 விழுக்காடு என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு நடந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். பத்தும் நடந்திருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், நீங்கள் தேவைக்கு மேல் தயங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, படகுக்கு வருவோம். கட்டத்தில் சாவும் திருவிழாவும் மிஞ்சின. பறைச் சத்தம் இரண்டுக்கும் பொருந்தும். மாசி மகம் என்றால் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரும், தேதியைப் பார்த்தால் போதும். நான் தேதி கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாண்டிச்சேரிப் பெண் மட்டும் சாவு என்று முதலிலேயே எழுதியிருந்தாள், நான் மனசில் வைத்திருந்த விடையும் அதுதான். எப்படி என்றேன். போன வாரம் அவள் தெருவில் ஒரு சாவாம், அதே ஞாபகமாம். மார்க் கிடையாது என்றேன். "விடை சரிதானே சார்" என்று அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்து உட்கார்ந்தவள், கேள்வி கேட்டு முடித்ததும் முதலில் கேட்டது தேதி.